‘ஊர்’ என்றொரு கட்டம்

போன வாரம் பசறை பஸ் நிலையத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கின் வாசனை மூக்கில் ஏறியது. கால் தானாக நின்றுவிட்டது. வாங்கி, மிளகாய்ச் சம்பலைத் தொட்டு ஒரு வாய் வைத்தேன். அடுத்த வாய் இறங்கவில்லை. கிழவிக்குப் பல் இல்லை போலிருக்கிறது என்று விற்றவள் நினைத்திருப்பாள். பல்லெல்லாம் இருக்கிறது. இறங்காததற்குக் காரணம் வேறு. சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளில் ஒரு பஞ்சம் வந்தது. இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. கூப்பனுக்குக் கிடைக்கிற ரேஷன் மாவும் சுருங்கிவிட்டது. நான் அப்போது பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. மற்ற நாட்களில் அழுகையில் காது கிழியும். அந்த வருஷம் சத்தமே இல்லை. அழத் தெம்பில்லாத பிள்ளைகள் எப்படிப் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

மாரியாயி அக்காவின் கடைசிப் பிள்ளை செல்வியும் அங்கேதான் கிடந்தாள். ஒரு சாயங்காலம் அக்கா அவளைத் தூக்கி, கையிலேயே நிறுத்துப் பார்த்தாள்.

“பூனக்குட்டி கனங்கூட இல்லையே தங்கச்சி.”

அடுத்த ஞாயிறே கிழங்கும் கீரையும் போட மண்வெட்டியோடு புல்மலைக்குப் போய்விட்டாள். தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடந்த சரிவு அது. மறுவாரம் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஓர் ஆள் கூடவே போனது. தலைவரும் சொல்லவில்லை, கங்காணியும் சொல்லவில்லை. முதல் விளைச்சல் பால் கொடுக்கிற தாய் இருக்கிற வீட்டுக்கு என்று அவர்களாகவே பேசி முடித்தார்கள். பன்றி விரட்டத் தகரம் தட்டுவதற்கும் முறை வைத்தார்கள். மரவள்ளி தின்ற அன்று இஞ்சி தின்றால் விஷமாகிவிடும் என்பார்கள். இஞ்சி வாங்க யாருக்கு வக்கிருந்தது? அந்தப் பயம் மட்டும் எங்களுக்கு இல்லை.

முதலில் கீரை வந்தது, பிறகு வற்றாளைக் கிழங்கு. செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காம்பராவில் மறுபடி அழுகை கேட்டது. நான் யாரையும் அதட்டவே இல்லை.

மரவள்ளி முற்றக் காத்திருந்த சமயத்தில் தோட்டம் அரசாங்கத்துக்குக் கைமாறியது. ஓர் அதிகாரி வந்தார். பயிர் செய்கிறவர்களுக்கே அந்தக் காணியைக் கொடுக்க வழியிருக்கிறது, பட்டியல் எழுதித் தாருங்கள் என்றார். எட்டாம் வகுப்புப் படித்த மகாராணி நான் இருக்கும்போது வேறு யார் எழுதுவது? கோடு போட்டுக் கட்டம் பிரித்தேன். பெயர், வயது, ஊர். வாசல் வாசலாகப் போய்க் கேட்டேன்.

“ஒங்க ஊரு எது அக்கா?”

“தொறையூரு தங்கச்சி. அப்பா சொல்லுவாரு.”

எங்களிடம் ஊர் என்றால் பாட்டன் இந்தியாவில் விட்டுக் கப்பலேறி வந்த ஊர்தான். பிறந்து வளர்ந்த இடம் தோட்டம். அதை யாரும் ஊர் என்று சொல்வதில்லை. கல்யாணம் பேச வந்தாலும் அந்த ஊரைத்தான் விசாரிப்பார்கள். அக்கா துறையூரைக் கண்ணால் கண்டதில்லை. நானும் முத்து முத்தாக எழுதினேன்: துறையூர், முசிறி, நாமக்கல், மணப்பாறை. எழுத்து அழகாயிருக்கிறது என்று நானே இரண்டு தரம் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

அதிகாரி பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை, கூட வந்த கிளாக்கர் தமிழில் சொன்னார்.

“எல்லாருக்கும் ஊரு இந்தியாவுல இருக்கு. போகப்போற ஆளுகளுக்கு இங்க எதுக்குக் காணி?”

“பிழையா எழுதிட்டேங்க.”

“எழுதுனது நீதானே?”

அடுத்த மாதம் புல்மலை வெளியாட்களுக்குப் போனது. முற்றாத மரவள்ளியைப் பிடுங்கி எறிந்தார்கள். நீ சரியாக எழுதியிருந்தாலும் வேறு காரணம் தேடியிருப்பார்கள் என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் தேட வேண்டியிருந்திருக்கும். நான் அவர்கள் தேடாமலே கையில் கொடுத்தேன்.

மறுபடி பட்டினி. அந்த வருஷத்து மழைக்குச் செல்வி தாங்கவில்லை. புல்மலை ஓரத்தில் புதைத்தோம். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் பேசி எங்கள் ஆட்களைப் பங்கு போட்டு அனுப்பிக்கொண்டிருந்த காலம். மறுவருஷம் அக்கா குடும்பத்துக்கும் பாஸ்போர்ட் வந்து, கோச்சி என்கிற ரயிலேறி இந்தியாவுக்குப் போனார்கள்.

ஒரே ஒரு கடிதம் வந்தது, யாரையோ கொண்டு எழுதியது.

“இங்க எல்லாரும் எந்த ஊருன்னு கேக்குறாங்க தங்கச்சி. வாயில தோட்டத்துப் பேருதான் வருது. புள்ளைய வச்ச எடந்தானே ஊரு. அந்த எடத்தப் பாத்துக்க.”

நான் பார்த்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகிப் பசறைப் பக்கம் வந்துவிட்டேன். பல வருஷம் கழித்துப் போனபோது லயம் இடிந்து கிடந்தது, பிள்ளைக் காம்பரா இருந்த இடமே தெரியவில்லை. புல்மலை முழுக்கப் பைன் மரம். உதிர்ந்த ஊசியிலையைக் காலால் விலக்கி விலக்கிப் பார்த்தேன். எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்காவின் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.