அலமாரியில் சகலையின் பாட்டு

கண்ணாடிக் கடையின் பின்கட்டில் வில்லை தேய்க்கும் மனிதருக்குக் கடையில் வைத்த பெயர் ‘கால்பாயிண்ட்’. எந்த வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் “கால் பாயிண்ட் தள்ளியிருக்கு” என்பார். தள்ளித்தான் இருக்கும். அதனால் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. அதனாலேயே யாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை.

கடை விட்டால் வீடு. படுக்கையறையில் துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற சந்து இருந்தது. அதற்குள்தான் அவருடைய மைக், கணினி, கிடார் எல்லாம். எதிரொலி வராமலிருக்க மூன்று பக்கமும் போர்வை தொங்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் நிற்கும்வரை காத்திருந்து பாடுவார். ஒரு மூச்சுச் சத்தம் பிடிக்கவில்லையென்றால் முதலிலிருந்து பாடுவார். ஒரு பாட்டு முடிய வருஷம் ஒன்று ஓடிவிடும். முடிந்த பாட்டில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. கேட்கவும் ஆள் கிடையாது.

அவருக்கு இந்த உலகத்தில் பொறாமை ஒரே ஒருவர் மேல்தான். மனைவியின் தங்கை புருஷன், சகலை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே மெட்டுப் போடுவார், வீட்டுக்கு வந்ததும் பதிவு செய்துவிடுவார். சுருதி விலகும், தாளம் முந்தி ஓடும், நடுவில் குக்கர் விசில்கூட அடிக்கும். ஆனாலும் கேட்டவர்கள் இன்னொரு தடவை போடச் சொல்வார்கள். மாமியாரின் போன் ஒலித்தாலே சின்ன மாப்பிள்ளைதான் பாடுவார். மூத்த மாப்பிள்ளை பாட்டைப் போட்டால் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வரும்.

ஒருமுறை மேல்மாடிக் குழாய் உடைந்து, கால்பாயிண்டின் கணினியும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்த பிரதி டிஸ்க்கும் சேர்ந்து குளித்தன. பக்கத்திலேயே இருக்கும் பிரதி பிரதியே இல்லை என்று அன்று தெரிந்தது. அதிலிருந்து சகலைகள் இருவருக்கும் ஓர் ஏற்பாடு. ஒரு பிரதி அவரவர் வீட்டு டிஸ்க்கில், இன்னொன்று மற்றவர் வீட்டு அலமாரியில். மாதா மாதம் மாமியார் வீட்டில் கூடும்போது புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கிக்கொள்வார்கள். திறந்து பார்க்கக் கூடாது என்பது வாய்விட்டுச் சொல்லாத ஒப்பந்தம்.

“என்ன சகலை, உங்களுது காப்பி ஆக ராத்திரி பூரா ஓடுமாமே?” என்று வேன்காரர் சீண்டுவார். “எனக்கு ஒரு கொட்டாவி விடறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

அந்தக் கொட்டாவி மேலும் கால்பாயிண்டுக்குப் பொறாமை.

அப்படியொரு நாளில்தான் மாமியார் வெள்ளந்தியாய்ச் சொன்னார். “மூத்தவ குரல் இவ்வளவு நல்லா இருக்கும்னு பெத்த எனக்கே தெரியாது மாப்பிள்ளை. சின்னவ வீட்டுக்குப் போனப்ப போட்டுக் காட்டினாங்க. நீங்க கேட்டிருப்பீங்களே?”

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள். யாரும் தண்ணீர் கேட்டிருக்கவில்லை.

கல்யாணமான புதிதிலிருந்து ஒரு வரி பாடச் சொல்லி அவர் கெஞ்சாத நாளில்லை. “எனக்குக் குரலே வராதுங்க” என்று சிரித்தே தட்டிக்கழித்தவள். வராத குரல் தங்கை வீட்டுக்கு மட்டும் பஸ் ஏறிப் போயிருக்கிறது. 

மறுநாள், அவள் வெளியே போயிருந்தபோது, அலமாரியிலிருந்த சகலையின் டிஸ்க்கை எடுத்துத் தன் கணினியில் செருகினார். புதுப் பாட்டு திறந்தது. வண்ண வண்ணப் பட்டைகள், ஒவ்வொன்றின் மேலும் பெயர்: கிடார், நான், அண்ணி. மூன்றாவது பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஓட்டினார். கோடு நகர்ந்தது. சத்தம் வரவில்லை. பட்டைகளின் மேல் சிவப்பாக ஒரே வாசகம்: கோப்பு கிடைக்கவில்லை.

மற்ற பாட்டுகளைத் திறந்தார். எல்லாம் அதே கதை. எந்தக் குரல் எந்த இடத்தில் வர வேண்டும் என்று குறித்து வைத்த ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் சகலை நகலெடுத்திருக்கிறார். குரல்கள் இருக்கும் கோப்புகள் அவர் கணினியிலேயே கிடக்கின்றன. பவர் எழுதிய சீட்டு இருக்கிறது, கண்ணாடி இல்லை. கொட்டாவி விடுவதற்குள் முடிந்த ரகசியம் இதுதான். ஏட்டுச் சுரைக்காய்.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். இரண்டாவதும் சந்தோஷம்தான். சகலையிடம் சொன்னால், திறந்ததைச் சொல்ல வேண்டும். ஏன் திறந்தாய் என்றால், அதைச் சொல்லவே முடியாது. டிஸ்க்கைப் பழையபடி துணிக்கடியில் வைத்தார்.

அடுத்த மாதம் மாமியார் வீட்டில் சகலை கால் நீட்டி உட்கார்ந்து சொன்னார். “நம்ம கம்ப்யூட்டர் மாட்டு வண்டி ஆயிடுச்சு சகலை. நாளைக்குக் கடையில குடுக்கறேன். எல்லாத்தையும் துடைச்சிட்டுப் புதுசா ஏத்தித் தர்றேன்னுட்டான். எனக்கென்ன பயம்? என்கிட்ட ஒரு காப்பி, உங்ககிட்ட ஒரு காப்பி.”

கால்பாயிண்ட் வாய் திறக்காமலே இருந்தால் போதும். நாளை சாயங்காலத்துக்குள் அந்தப் பாட்டு உலகத்தில் இருக்காது. எதிரே அவர் மனைவி தங்கையோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டோடு ‘அண்ணி’ என்ற பட்டையும் போகும். அவர் மட்டும் இன்னும் கேட்காத குரல்.

“துடைக்கச் சொல்லாதீங்க” என்றார்.

“ஏன்?”

“உங்க டிஸ்க்ல பாட்டு இல்ல. பேருதான் இருக்கு.”

“சும்மா இருங்க சகலை. என் கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்தேன், எல்லாம் பாடுச்சே!”

“உங்க கம்ப்யூட்டர்ல குரல் இருக்கு, அதனால பாடும். வேற மிஷின்ல போட்டா ஊமை.”

சகலையின் நீட்டிய கால் மடங்கியது. முகம் வெளுத்தது, பிறகு மெதுவாக ஒரு சந்தேகம் எழுந்தது. “அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

தங்கையோடு பேசிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். “தொறந்து பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எதுக்கு?”

அவர் தரையைப் பார்த்தார். “நீ பாடினத கேக்க.”

மாமியார், “என்கிட்ட சொல்லியிருந்தா சின்னவரைக் கூப்பிட்டே போடச் சொல்லியிருப்பேனே” என்றார்.

அன்று மத்தியானமே இருவரும் சகலை வீட்டில் உட்கார்ந்தார்கள். சிதறிக் கிடந்த குரல்களையெல்லாம் தேடி, ஒவ்வொரு பாட்டையும் அதன் ஒலிக்கோப்புகளோடு ஒரே பெட்டியில் போட்டு நகலெடுத்தார்கள். காப்பி ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சகலை எத்தனையோ கொட்டாவி விட்டார். கால்பாயிண்டுக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல்.

“வேற மிஷின்ல பாடினாத்தான் காப்பி. வீட்ல போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் கடைக்குக் குடுக்காதீங்க.”

“இந்தத் தடவை நானே சொல்றேன், தொறந்து பாருங்க சகலை” என்றார் வேன்காரர். குத்தலா, நன்றியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, போர்வைகளுக்கு நடுவே ஹெட்போனை மாட்டினார். மற்ற பட்டைகளை அடக்கிவிட்டு அந்த ஒன்றை மட்டும் ஓட்டினார். முதலில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவள் குரல், பேச்சாக: “தம்பி, இது அவருக்குத் தெரிய வேணாம். கேட்டா கால் பாயிண்ட் எறங்கியிருக்குன்னுவாரு. அப்புறம் எனக்கு வாயே தொறக்காது.” சகலை சிரிக்கிறார். அவளும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு பேச்சைவிட அதிகமாகச் சுட்டது. இந்தச் சந்துக்குள் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அப்புறம் பாடினாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றியபோது, அவள் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் இருக்கா?”

“இருக்கு.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன். மூணாவது வரியில…”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

அந்த வரியில் சுருதி இறங்கித்தான் இருந்தது. சரியாகச் சொன்னால், கால் பாயிண்ட்.

“மூணாவது வரி ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார். பிறகு சகலைக்குப் போன் போட்டு, காப்பி சரியாக இருக்கிறது, இனி துடைக்கச் சொல்லலாம் என்றார்.