பொம்மைக்கு மாட்டிய கண்ணாடி

நாற்பது வயசிலேயே எனக்குக் கண்புரை வந்துவிட்டது. எண்பதுகளின் கடைசியில் சேலத்தில் ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். நல்லம்பள்ளி பஸ் போர்டை நானே படித்து ஏறி வந்தேன்.

எங்கள் ஊரில் கண் ஆபரேஷன் என்றால் சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரும்ப வேண்டும். வெறும் முகத்தோடு வந்த என்னை யாரும் நம்பவில்லை. புண் ஆறி, வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் மாமியார் என்னைக் களையெடுக்க விடவில்லை. "புல்லுன்னு நெனச்சு ராகிப் பயிரப் புடுங்கிருவா" என்றார்.

கடைசியில் என் வீட்டுக்காரர், செத்துப்போன மாமனாரின் கண்ணாடியைக் கொண்டுவந்து, "ஊருக்காகவாவது மாட்டிக்க" என்றார். மாட்டினேன். எதிரே நின்ற அவரே கலங்கலாகத் தெரிந்தார். எனக்கு வந்ததே கோபம்!

"ஊரு நம்பறதுக்கு நான் குருடியாகணுமாங்க?"

நேராக ராகிக் கொல்லைக்குப் போய், அங்கே நின்ற திருஷ்டிப் பொம்மைக்கு அந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டுக் களையெடுக்க உட்கார்ந்தேன். சாயங்காலம் மாமியார் வந்து, நான் பிடுங்கிப் போட்ட புல்லைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். ஒரு ராகிப் பயிர்கூட அதில் இல்லை.

"கண்ணாடிய எடுத்துக்கிட்டு வூட்டுக்கு வா" என்றார்.

"அங்கயே இருக்கட்டுங்க அத்தை. கண்ணாடியப் பாக்கணும்னு இருக்கறவங்க அங்க வந்து பாத்துக்கட்டும்."

எனக்குக் கண் தெரிகிறது என்று அதன்பின் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கண், எனக்குத் தெரிந்தால் போதும்.