‘என் பசங்க வெளிய வரணும்’ என்றவர்

அனந்தமதி மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி, நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய தம்பிதான் பேசினார். “அக்கா போயிட்டாங்கம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறதுக்குள்ளயே முடிஞ்சிபோச்சு” என்றார். நான் ஆசிரியர் அறைக்கு வந்து சேர்வதற்குள் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படம் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு விளக்கு, கீழே ‘எங்கள் கல்லூரியின் தூண்’ என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேத்துப்பட்டுப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். ஆரணியில் எங்கள் கல்லூரியின் துணித் தொழில்நுட்பத் துறையில் சாயமேற்றும் பாடம் நடத்தினார். பட்டு நூலைப் பற்றி அவ்வளவு பேசுவார். ஆனால் பருத்திப் புடவை தவிர வேறு கட்டமாட்டார். கேட்டால், “புழுவ நெனச்சா கட்ட மனசு வரலம்மா. பாடம் நடத்த மட்டும் வருது” என்று தம்மையே கேலி செய்துகொள்வார்.

இறுதியாண்டு மாணவர்களைத் தொழிற்கூடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அவரிடம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது பல இடங்களில் வெறும் சடங்கு. போவார்கள், வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், சான்றிதழோடு திரும்புவார்கள். மேடம் அப்படி விடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாயப்பட்டறை சாயப்பட்டறையாக அலைந்தார். ஒருநாள் நானும் உடன் போனேன். பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“பசங்கள வெச்சிகினு நான் என்னாங்க பண்றது? நூலு கெட்டுப்போச்சின்னா யாருங்க பதில் சொல்றது? பேஜாரு.”

“நான் சொல்றேங்க. ஆனா மூலையில ஒக்கார வெச்சிடாதீங்க, தொட்டியண்ட நிக்க விடுங்க.”

அவர் பயந்தபடியே ஒரு மாணவன் நூலைத் திட்டுத் திட்டாக்கிவிட்டான். மேடம் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய், அவன் கையாலேயே அதற்கு மறுபடி சாயமேற்ற வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

பிறகு நிர்வாகம் வெளியூர்ப் பெரிய ஆலை ஒன்றோடு ஒப்பந்தம் போட்டது. ஆறு மாதப் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு. முதலில் ஆலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார் மேடம். அதற்கெல்லாம் நேரமில்லை என்றார்கள். பேருந்து நிறையப் பிள்ளைகள் கிளம்பிப் போனார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். வெம்பாக்கத்து மாணவி கௌசல்யா மேடத்துக்குப் போன் செய்தாள். சாயப் பிரிவை அவர்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எல்லோரையும் அட்டைப்பெட்டி கட்டும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். உறை ஒட்டும் சூட்டு இயந்திரத்தில் அவள் உள்ளங்கை வெந்துபோயிருந்தது. மருந்தைத் தடவிவிட்டு மறுபடி வேலைக்கு நிறுத்திவிட்டார்கள்.

மேடம் இரண்டு வேன்களை அமர்த்திக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார். வாசலில் காவலாளி மறித்தார்.

“உள்ள போக பர்மிஷன் இல்லீங்க.”

“நான் உள்ள வரலீங்க. என் பசங்க வெளிய வரணும்.”

வெயிலில் அங்கேயே நின்றார். அதிகாரிகள் வந்து பேசினார்கள், மிரட்டினார்கள். அவர் அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. கடைசியில் கதவு திறந்தது. கையில் துணி சுற்றிய கௌசல்யா முதலில் வந்தாள், பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். வேனில் ஏறியதும் மேடம் அந்தக் கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டுக் கத்தினார். “கம்பெனிக்காரன் எவ்ளோ கோவமா கீறான் தெரியுமா? பசங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் வேணாமா?”

“பெட்டிக்கு டேப் ஒட்டறதுக்கு எதுக்கு சார் மூணு வருஷம் சாயத்தப் பத்திப் பாடம் நடத்தனோம்?”

அன்றே அவரிடமிருந்து பயிற்சிப் பொறுப்பைப் பறித்தார்கள். ஆலை சான்றிதழ் தர மறுத்தது. பிள்ளைகள் தேர்ச்சி பெறாமல் போனால் மேடத்தின் பிடிவாதம்தான் காரணம் என்று பெற்றோரிடம் சொன்னார்கள். இதைச் சொன்னவர்கள்தான் இப்போது அவரைத் தூண் என்கிறார்கள்.

மேடம் மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார். அன்று பேஜாரு என்று கும்பிட்ட அந்தப் பட்டறைக்காரரே, “அனுப்புங்க மேடம், நான் பாத்துக்கறேன்” என்றார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அந்த வேலையைப் பயிற்சியாக ஏற்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடந்தார். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்த காலம் அது. “ரிசல்ட் வந்துடட்டும்” என்றார். பிள்ளைகள் எல்லோரும் தேறினார்கள். கல்லூரிதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு முன்பே இதய நோய் இருந்தது. ஆனால் எங்கள் துறையில் அத்தனை பேர் இருந்தும், நோயாளி ஒருவர்தான் அலையவேண்டி வந்தது. அதையும் நிர்வாகம் ஒழுங்கு மீறல் என்றது.

அவருடைய ஊரில் இறுதிச் சடங்குக்குத் தாளாளர் ஆளுயர மாலையோடு வந்தார். கூடவே போட்டோகிராபர். ஆலைக்குப் போன அந்த வருடத்து மாணவர்கள் ஒன்றாக வந்திருந்தார்கள். கௌசல்யா இப்போது ஆரணியில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறாள்.

“சார் பக்கத்துல வந்து நில்லுங்கம்மா, காலேஜ் மலர்ல போடணும்” என்றார் போட்டோகிராபர்.

“நாங்க மேடத்தப் பாக்க வந்தோம்ணா. இவர் பக்கத்துல நிக்க வரல.”

குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு அவள் மேடத்தின் கால்மாட்டுக்குப் போய் நின்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். தாளாளர் மாலையும் கையுமாகத் தனியே நின்றார்.

மேடம், இந்த வருடம் பயிற்சிப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதே ஆலையோடு மறுபடி பேச்சு நடக்கிறது. பேருந்து வரட்டும். அது காலியாகத்தான் திரும்பும். நீங்கள் போய் வாருங்கள்.