குவைத்துப் பத்தரை

கங்கம்மாவுக்குக் கையில் துடைப்பம் இல்லாவிட்டால் கை நமநமக்கும். காக்களூரில் அவள் வாசலில் கோழிகூட யோசித்துத்தான் கால் வைக்கும். அப்பேர்ப்பட்டவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ஒரு வாரம் வீட்டையே பெருக்கவில்லை என்றால் ஊர் நம்புமா?

எல்லாம் மகன் தேசப்பனால் வந்தது. வெல்டர் வேலைக்குக் குவைத்து கிளம்பியிருந்தான். பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது, பெருக்கினால் அவருக்கு ஆகாது. அவனோ பம்பாயில் ஏஜெண்டிடம் மாட்டிக்கொண்டு விமானத்துக்குக் காத்துக் கிடந்தான்.

"அதான் பம்பாய் போய்ச் சேந்துட்டானே, பெருக்கேன்மே. சோத்துல தூசி உழுது" என்று புருஷன் ஆதிகேசவன் கெஞ்சினார்.

"பம்பாயி இன்னா அவனுக்கு மாமியார் ஊடா? குவைத்துல எறங்கட்டும்."

கடைசியில் கடுதாசி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு விமானம், பத்தரைக்குக் குவைத்து. ஆதிகேசவன் விரல்விட்டு எண்ணினார். "ஒன்ற மணி நேரந்தான்மே! நாம ரயிலேறி மெட்ராஸ் போற நேரம்." கங்கம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இவ்வளவு கிட்டத்திலா இருக்கிறது இந்தக் குவைத்து! தீபாவளிக்கு வந்துவிட்டுப் போகலாமே!

ஞாயிறு பத்தரை அடித்ததும் வெறி பிடித்தவள்போலப் பெருக்கினாள். குப்பையை வாசலில் குவித்தபோது பக்கத்து வீட்டு மோசஸ் வந்தார். அவருடைய மச்சான் குவைத்தில் டிரைவர்.

"இன்னாக்கா, அதுக்குள்ள பெருக்கிட்ட?"

"பத்தரைக்குப் புள்ள எறங்கிட்டான்பா."

"ஐயோ அக்கா, அது அந்த ஊரு பத்தரை! அங்க கடியாரம் ரெண்டரை மணி பின்னாடி ஓடும். ஆயிரத்து எழுநூறு மைலாச்சே, நாலு மணி நேரம் ஆவும். இப்ப நடுக்கடலு மேல பறந்துகினு இருப்பான்."

கங்கம்மாவுக்கு உயிரே போய்விட்டது. குப்பையை முறத்தில் வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"கடலைத்தோலு கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு, அங்கயே போடுய்யா! அந்த ஒட்டடை டிரங்குப் பெட்டி பின்னால!"

"எங்க போட்டா இன்னாமே? பைலட்டுக்குத் தெரியவா போவுது?"

"பேசாத! உன் கணக்க நம்பித்தான் புள்ளைய நடுக்கடல்ல வுட்டேன்."

ஆதிகேசவன் ஒட்டடையை மாட்டினார். பகல் ஒரு மணிக்கு மோசஸ் வந்து, "இப்ப எறங்கிருப்பான்க்கா" என்றார். கங்கம்மா துடைப்பத்தைத் தொடவில்லை. கடிகாரம் எதையும் அவள் நம்புவதாக இல்லை.

மறுநாள் தந்தி வந்தது. சுகமாகச் சேர்ந்துவிட்டான் என்று மோசஸ் படித்துச் சொன்னார்.

"அப்புறம் இன்னா, பெருக்கு" என்றார் ஆதிகேசவன்.

துடைப்பத்தை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொலபொலவென்று கண்ணீர் வந்தது. "இத்தினி நாளும் வழியிலதான்யா இருந்தான். இப்பத்தான் போய்ட்டான்."

ஆதிகேசவன் துடைப்பத்தை வாங்கி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தானே பெருக்க ஆரம்பித்தார்.

"மூலைய வுட்டுட்ட பாரு" என்றாள் கங்கம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே.