ஏற்றத்தில் வராத புகை

என் பழைய கார் நீலப் புகை விட்டது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார் தலவாக்கலை மெக்கானிக். பிரித்தால் ஒரு மாதம் நிற்கும். அந்தக் கார் வாடகைக்கு ஹயர் ஓடித்தான் எங்கள் வீடு நடக்கிறது.

மனைவியைப் பின் சீட்டில் உட்கார வைத்து, புகையைப் பார்க்கச் சொல்லி மலையேறினேன்.

"ஏறுறப்ப ஒண்ணுமே இல்லீங்க."

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே இறங்கி, அடிவாரத்தில் மறுபடி மிதித்தேன்.

"இப்பதான் நீலமா வருது."

ரிங் போயிருந்தால் ஏற்றத்தில் புகைத்திருக்கும். காலை எடுத்து இறங்கும்போது எண்ணெய் உள்ளே கசிவது வால்வு சீல் வழியாக; அதை மாற்ற எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"அப்ப நீங்களே கராஜ் போடுங்கண்ணே," என்றார்.

"மொதல்ல சீலை மாத்துங்க தம்பி."

மாற்றினார். புகை நின்றது. இப்போது புகைக்கிற வண்டி வந்தால் அவரும் பின் சீட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கிப் பார்க்கிறார்.