இடமிருந்து வலம் போன கோடு

வால்வு ரேடியோ காலத்திலிருந்தே பழுது பார்ப்பவர்; வால்வுக்காரர் என்றால் அந்தக் கடைவீதி முழுக்கத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் அவர் கை பட்ட ஆம்பிளிபயர் ஊமையானதாகச் சரித்திரம் கிடையாது. புகைந்த செட்டை மோந்து பார்த்தே பழுது சொல்லும் மூக்கு அவருக்கு.

அப்பேர்ப்பட்டவர் அன்று மருமகளின் கம்ப்யூட்டர் முன்னால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றார். புது ஆம்பிளிபயரை அவள் இன்னும் கட்டவேயில்லை. கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்து, வெளியே வரும் ஒலியின் அளவைப் படமாகப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். கோடு சரசரவென்று உச்சிக்கு ஏறியது. கொஞ்சம் இறங்கிச் சமமாக ஓடியது. கடைசியில் மலையிலிருந்து உருட்டிவிட்டது போல விழுந்தது. அடியில் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்கள்; கோடு விழுந்தது முப்பதில்.

மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்போடு ஆயுளைக் கழித்த மனிதர். அதில் இடமிருந்து வலம் போவது நேரம்தான், வேறெதுவும் இல்லை. அப்படியானால் முப்பது நிமிஷத்தில் செட் படுத்துவிடுமா?

முன்னறையில் நாடகக் கொட்டகை முதலாளி பதிலுக்குக் காத்திருந்தார். கொட்டகை முழுக்கப் புது ஒலி செட் வேண்டும் அவருக்கு. இங்கே இல்லையென்றால் எதிர்க்கடை.

"மன்னிக்கணும் முதலாளி. அரை மணியில மூச்சை விட்டுடும். என் பேரைப் போட்டுத் தர மாட்டேன்."

"நல்லவேளை, இப்பவே சொன்னீங்க," என்று அவர் செருப்பைத் தேடினார்.

மருமகள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். "அரை மணின்னு யாரு மாமா சொன்னா?"

"உன் படம்தான் சொல்லுது."

"ஐயோ, அது நிமிஷம் இல்ல மாமா, ரெசிஸ்டர் அளவு. ஒரு அளவு வச்சு ஓட்டினா ஒரு புள்ளி. அளவை மாத்தி ஓட்டினா அடுத்த புள்ளி. இப்படி நாப்பது."

"நாப்பது ரெசிஸ்டர் எப்பம்மா வாங்கின?"

"வாங்கல. எல்லாம் கணக்குதான்."

"சரி, உச்சியில இருக்கறதைத்தானே போடப்போற?"

"இல்ல, நடுவுல. உச்சியில ரெசிஸ்டர் துளி முன்னப்பின்ன இருந்தாலும் சறுக்கிடும். சமமான இடத்துல ஆடாது."

வால்வுக்காரர் தலையைச் சொறிந்தார். நேரமே இல்லாத படத்தில் செட் எப்போது ஓடியது? உச்சியை விட்டுவிட்டு நடுவில் எவன் நிற்பான்? ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் முதலாளி படி இறங்கிவிட்டார்.

"முதலாளி, திரும்பி வாங்க! படத்தைத் தப்பாப் படிச்சது நான்தான். செட் தாங்கும்."

"எப்படித் தாங்கும்?"

வால்வுக்காரர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாற்காலிகளை இழுத்து மருமகளின் மேஜையருகே போட்டார்.

"உட்காருங்க, இவ சொல்லுவா. நானும் இன்னொரு தடவை கேட்டுக்கறேன்."