பக்கத்து இருக்கையின் பிரேக்

தெருவில் அவருக்கு ஹாரன் என்றுதான் பெயர். கார் ஓட்டியது மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டி ஹாரனை அமுக்கியது அவர். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவர்களுக்குத்தானே சாலை விதிகளெல்லாம் அத்துப்படி!

"லாரி வருது, பிரேக்கைப் பிடி!" என்று கத்திக்கொண்டே தன் காலால் தரையை மிதிப்பார்.

"ஆமா, உங்க பிரேக்குலதான் இந்த வண்டியே நிக்குது," என்பாள் அவள்.

அவள் போய்ச்சேர்ந்தபின் கார் உறையைப் போர்த்திக்கொண்டு வாசலில் கிடந்தது. வைத்தது வைத்தபடி இருக்கும் வீட்டில் அவர் யாரை அதட்டுவது? காரை விற்றுவிடச் சொன்னாள் மகள். அவரோ மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் கெட்டுப்போன பெட்ரோலை இறக்கி, எலி கடித்த ஒயர்களை மாற்றி, புது பேட்டரி மாட்டினார். இஞ்சின் இருமிச் செருமி ஒருவழியாக உயிர்பெற்றது.

"யாரு சார் ஓட்டப் போறது?"

அவர் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார். மெக்கானிக்தான் ஓட்டிப் பார்த்தார். தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அவர் கால் தானாகத் தரையை மிதித்தது. வண்டி நின்றது. பக்கத்திலிருந்து யாரும் கிண்டல் செய்யவில்லை.

திரும்பி வந்ததும் மெக்கானிக் அவர் காலடியைக் குனிந்து பார்த்தார். "இந்தப் பக்கத்து மேட் தேஞ்சு ஓட்டையாயிருக்கே சார். புதுசு போட்டுடவா?"

"வேணாம்ப்பா," என்றார் அவர். "அப்புறம் வண்டி எப்படி நிக்கும்?"